தோன் சில்வினோவின் கால் பெருவிரல்

தோன் சில்வினோவின் இடது கால் பெருவிரல் ஏன் மேலே வருகிறது என்பது அவரை முழுக்காட்டிய இளம் மிஷனரி எல்டர் டிகோனாவுக்குப் புரியவே இல்லை.

ஒருவரைத் தண்ணீரில் முழுக்காட்டுவதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று தோன்றலாம். வெள்ளை உடுப்பு அணிந்த இருவர் தொட்டிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார்கள். முழுக்காட்டுபவர் வலது கையை உயர்த்தி, சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொல்கிறார். பிறகு மற்றவரின் முதுகைத் தாங்கிப் பின்பக்கமாகச் சாய்க்கிறார். தலைமுடி முதல் பாதம் வரை எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். உடுப்பின் ஓரம்கூட வெளியே தெரியக் கூடாது. அதைப் பார்ப்பதற்கென்றே தொட்டியின் இரு பக்கமும் இரண்டு சாட்சிகள் நிற்பார்கள். ஒரு முழங்கை தெரிந்தாலும், ஒரு முடிக்கற்றை மிதந்தாலும் சாட்சி இல்லை என்று தலையை ஆட்டுவார். அப்புறம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அந்தச் சனிக்கிழமை சாட்சியாக நின்றவர்களில் ஒருவர் சபையின் கிளைத் தலைவர் ஓவேலார். வார நாட்களில் மருந்துக்கடை நடத்துபவர். இன்னொருவர் தோன் சில்வினோவின் மனைவி தொமாசா; ஊர் வழக்கில் மரியாதையாக ஞா தொமாசா. கணவருக்குப் பல வருடங்கள் முன்பே ஞானஸ்நானம் பெற்றவர். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

"வந்துச்சு," என்றார் ஞா தொமாசா.

"எது?" தோன் சில்வினோ கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"கட்டைவிரல். இடது கால்."

"வரலை."

"நகத்தோட பாத்தேன். வெட்டுங்கன்னு நேத்தே சொன்னேன், வெட்டலை."

நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். தலைவர் ஓவேலார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மறுபடியும், எல்டர்," என்றார்.

மறுபடியும் நடந்தது. மறுபடியும் விரல் வந்தது. மூன்றாம் முறை எல்டர் டிகோனா தன் எடை முழுவதையும் கொடுத்து அவர் நெஞ்சை அமுக்கினான். நெஞ்சு உள்ளே போனது; இரண்டு கால்களும் முட்டி வரைக்கும் மேலே எழும்பின.

"நீ எனக்குப் பெண்டாட்டியா, கடவுளோட போலீஸ்காரியா?" என்று தோன் சில்வினோ கத்தினார்.

"இங்க நான் சாட்சி. வீட்டுக்கு வந்தப்புறம் பெண்டாட்டி. முப்பது வருஷமா என்கிட்ட உண்மையைச் சொல்லு, உண்மையைச் சொல்லுன்னீங்களே, சொல்றேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தோன் சில்வினோ படியைப் பிடித்து ஏறி, சொட்டச் சொட்டத் தொட்டியின் விளிம்பில் நின்றார். அகன்ற நெஞ்சும் துடுப்புப் போட்டு முறுக்கேறிய தோள்களும் கொண்ட மனிதர். கொன்செப்சியோன் துறையிலிருந்து எதிரே இருக்கும் தீவுக்கு ஆட்களையும் கோழிக்கூடைகளையும் படகில் ஏற்றிப் போவது அவர் தொழில். மனைவி சபைக் கூட்டத்துக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் வாசலில் வேப்பமரத்தடியில் காத்திருப்பார்; உள்ளே வர மாட்டார். இந்த வருடம்தான் உள்ளே வந்தார். ஞானஸ்நானத்துக்காகச் சிகரெட்டை விட்டார். விட்டதே பெரிய பாடு.

"தண்ணிக்கு நான் வேண்டாம் போலிருக்கு," என்று மெதுவாகச் சொன்னார். "அடுத்த சனிக்கிழமை ஒரே ஒரு தடவை. அப்பவும் விரல் மேல வந்தா அதுதான் பதில்னு எடுத்துக்குவேன். அப்புறம் நான் வேப்பமரத்துக்கே போயிடுவேன். யாரும் வந்து கூப்பிடக் கூடாது."

*

ஊரில் எல்டர் டிகோனாவையும் அவன் கூட்டாளியையும் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. எல்டர் என்றால் மூத்தவர் என்று பொருள். அந்த இரண்டு மூத்தவர்களுக்கும் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. டிகோனா பொலிவியாவில் ஒரூரோ பக்கத்துப் பையன். குட்டை, ஒல்லி. எதைப் பார்த்தாலும் அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் விடமாட்டான். அவன் கூட்டாளி எல்டர் ஹால்வர்சன் ஐடஹோவில் உருளைக்கிழங்குப் பண்ணையில் வளர்ந்தவன். கதவு நிலைகளுக்குக் கீழே குனிந்து குனிந்து நடந்தே கூன் விழுந்துவிடும் என்று பயப்படும் அளவுக்கு உயரம். மிஷனரிகள் எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஒருவரை ஒருவர் கண் பார்வையிலிருந்து விடக் கூடாது. அதனால் ஒருவனுக்குத் தூக்கம் வராவிட்டால் மற்றவனுக்கும் வராது.

"எனக்கு அமுக்கத் தெரியலைன்னு நினைக்கிறியா?" ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்து அறைக்கு வந்ததும் டிகோனா கேட்டான். கழுத்துப்பட்டியைக்கூட அவிழ்க்கவில்லை.

"நீ அமுக்குன அமுக்குல அந்த ஆளு தரைக்குள்ளயே போயிருக்கணும்."

"அப்ப ஏன் கால் வருது?"

"ரெண்டு கால்லயும் செங்கல் கட்டிடுவோம்."

"விளையாடாதே. கட்டில் முன்னாடி வந்து நில்லு."

ஹால்வர்சன் முதுகைக் கட்டிலுக்குக் காட்டி நின்றான். டிகோனா அவன் நெஞ்சில் கைவைத்து, விறைப்பாக இருக்கச் சொல்லி, பின்னால் தள்ளினான். ஹால்வர்சன் பலகைபோல மெத்தையில் விழுந்தான். அவன் நீளக் கால்கள் இரண்டும் காற்றில் எழும்பி நின்றன.

"பாத்தியா! ஏற்றப்பலகை மாதிரி. ஒரு பக்கம் கீழ போனா இன்னொரு பக்கம் மேல. இப்ப எழுந்திரு. முட்டியை மடக்கிக்கோ."

முட்டியை மடக்கியபோது ஹால்வர்சன் கட்டிலில் உட்கார்ந்தான், பிறகு சாய்ந்தான். பாதம் தரையை விட்டு அசையவில்லை.

"அவ்வளவுதானே? முட்டியை மடக்கச் சொல்லிட வேண்டியதுதான்," என்றான் ஹால்வர்சன்.

"தலைவர் ஓவேலார் அதைத்தான் ரெண்டாவது தடவை சொன்னாரு. தோன் சில்வினோவும் மடக்குனாரு. தண்ணி காதைத் தொட்டதும் தானா நீட்டிக்கிட்டாரு." டிகோனா கட்டிலில் உட்கார்ந்தான். "ஏதோ ஒண்ணு அவரைத் தூக்குது. அது என்னன்னு தெரியலை."

ஒத்திகை பார்ப்பதற்கும் வழியில்லை. தொட்டி நிரம்பப் பாதி நாள் ஆகும் என்பதால் ஞானஸ்நானம் இருக்கும் நாளில் மட்டும்தான் நிரப்புவார்கள். ஆறு தெரு முனையிலேயே ஓடுகிறது. ஆனால் மிஷனரிகள் நீந்தக் கூடாது என்பது விதி. ஆற்றிலோ குளத்திலோ இறங்கவே கூடாது. விதி இல்லாவிட்டாலும் டிகோனா இறங்கியிருக்க மாட்டான். அவன் ஊரில் முழங்காலுக்கு மேல் ஆழமான தண்ணீரை அவன் பார்த்ததே இல்லை. அந்தத் தொட்டிதான் அவன் இறங்கிய முதல் பெரிய தண்ணீர்.

*

திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். காலையில் அரைமணி நேரம் குனிந்து நிமிர்ந்து உடற்பயிற்சி, வேதம் வாசிப்பு, காலை உணவு, பிறகு கொல்லைப்புறம். ஒரு வாரத்து வெள்ளைச் சட்டைகளும் செம்மண் புழுதி ஏறிச் செங்கல் நிறத்தில் கிடந்தன. டிகோனா ஒரு சட்டையை எடுத்து, பொத்தான் போட்டபடியே, பெரிய வாளித் தண்ணீரில் போட்டான்.

சட்டை முழுகவில்லை. முதுகுப்பக்கம் உப்பி, வெள்ளைப் பூசணிக்காய்போல மிதந்தது. விரலால் அமுக்கினான். பூசணிக்காய் உள்ளே போய், வலது கைப்பகுதி உப்பி எழுந்தது. கைப்பகுதியை அமுக்கினான். கழுத்துப்பட்டை தூக்கிக்கொண்டது.

டிகோனா அசையாமல் நின்றான்.

"என்னாச்சு? சட்டையில தேளா?" என்றான் ஹால்வர்சன்.

"அமுக்குனா காத்து போகாது. இடம் மாறும். அவ்வளவுதான்." அவன் சட்டையை வெளியே எடுத்து உதறினான். பொத்தான்களைக் கழற்றினான். இந்த முறை அடிப்பக்கத்திலிருந்து மெதுவாக இறக்கினான். கழுத்து வழியாகக் காற்று குமிழ்குமிழாக வெளியேறியது. சட்டை தன்பாட்டுக்கு வாளியின் அடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. கைவைக்கவே வேண்டியிருக்கவில்லை.

"தோன் சில்வினோகிட்ட காத்து எங்க இருக்கு?" என்று கேட்டான்.

ஹால்வர்சன் யோசித்தான். "உடுப்புல. அந்த வெள்ளை உடுப்பு அவருக்கு ரொம்பப் பெரிசு. முதுகுல புடைச்சுக்கிட்டு நின்னுச்சு."

"அதுல கொஞ்சம். மிச்சம்?"

"நெஞ்சுல!" ஹால்வர்சன் சோப்புக் கையோடு நெற்றியில் அடித்துக்கொண்டான். "முங்கறதுக்கு முன்னாடி மூச்சை இழுத்துக்கிட்டாரு. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் காத்தடிக்கிற மாதிரி."

"மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு யாரு காத்தடிக்கிறது?"

"உவமைக்குச் சொன்னேன்பா."

டிகோனா காலியான குளிர்பானப் பாட்டில் ஒன்றை மூடி போட்டு வாளியில் மிதக்கவிட்டான். மூடிப் பக்கத்தை அமுக்கினால் அடிப்பக்கம் தூக்கியது. அதுதான் தோன் சில்வினோ. அவ்வளவு பெரிய நெஞ்சு நிறையக் காற்று இருக்கும்போது, மேல்பாதியை ஒருவன் எப்படித் தள்ளினாலும், தண்ணீர் அவரைத் திருப்பித் தள்ளும். உடம்பு அந்தத் தள்ளலுக்கு வளைந்து கொடுத்து நீளும். நீண்டால் கால் எழும்பும். மூடியைத் திறந்தான். குமிழ்கள் வந்தன. பாட்டில் தண்ணீர் குடித்து முழுகியது.

"மூச்சை வெளிய விட்டுட்டு முங்கச் சொல்லணும்," என்றான். சொல்லும்போதே எவ்வளவு எளிது என்று சிரிப்பு வந்தது.

*

அது எளிதாக இல்லை.

மறுநாள் படகுத்துறையில் தோன் சில்வினோ தன் படகின் விளிம்பில் உட்கார்ந்து தெரெரே குடித்துக்கொண்டிருந்தார். பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரை மாட்டுக்கொம்புக் குவளையில் இருக்கும் இலைத்தூள் மீது ஊற்றி, முதலில் தான் உறிஞ்சி, பிறகு நிரப்பி டிகோனாவிடம் நீட்டினார். அவன் குடித்து முடித்துத் திருப்பிக் கொடுத்ததும் ஹால்வர்சனின் முறை. குவளை மூன்று சுற்று வரும் வரை யாரும் காரியத்தைப் பேசவில்லை. பிறகு டிகோனா சட்டையைப் பற்றியும் பாட்டிலைப் பற்றியும் சொன்னான். கையால் நெஞ்சை வரைந்து காட்டினான், பாதத்தைத் தரையில் ஊன்றிக் காட்டினான்.

தோன் சில்வினோ கடைசி வரை கேட்டார்.

"அதெல்லாம் சரி தம்பி. என்னால முடியாது."

"கொஞ்ச நேரம்தான். மூணு எண்ணுறதுக்குள்ள தூக்கிடுவேன்."

"நேரத்தைப் பத்தி இல்ல." அவர் ஆற்றைப் பார்த்தார். "எனக்கு உன் வயசு இருக்கும். எங்க அண்ணன் கிரிசாந்தோவும் நானும் மரவள்ளி மூட்டை ஏத்திக்கிட்டு வந்தோம். புயல்ல படகு கவுந்துச்சு. எங்கப்பா சின்னதுலயே சொல்லிக் கொடுத்திருந்தாரு, நெஞ்சுல காத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு மல்லாக்கப் படுத்துடு, ஆறு உன்னைத் தூக்கிக்கும்னு. நான் அப்படியே படுத்தேன். அவன் பயந்துட்டான். கத்துனான். என் பேரைச் சொல்லித்தான் கத்துனான். கத்துறவன் நெஞ்சுல காத்து நிக்குமா?"

குவளையில் இருந்த தண்ணீர் தீர்ந்து உறிஞ்சுகுழல் சரசரத்தது.

"அன்னிலேருந்து தண்ணி என் காதைத் தொட்டா நெஞ்சு தானா நிறையுது. முதுகு தானா நிமிருது. நான் செய்யறது இல்ல அது. நீ மூச்சை விடுன்னு சொல்றே. எனக்கு அது செத்துப்போன்னு கேக்குது."

ஹால்வர்சன் தன் பெரிய கையை அவர் தோளில் வைத்தான். காற்றுதான் காரணம் என்று கண்டுபிடித்தபோது டிகோனா எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தான். காற்றை விடுவதுதான் வேலையே என்று இப்போது தெரிந்தது.

"அப்ப அது கடவுளோட பதில் இல்ல தோன் சில்வினோ," என்றான் கடைசியில். "கடவுள் உங்களைத் தள்ளிவிடலை. அது உங்கப்பா சொல்லிக் கொடுத்த பாடம். உங்க உடம்பு அதை இன்னும் மறக்கலை, அவ்வளவுதான்."

தோன் சில்வினோ குவளையைக் கீழே வைத்தார்.

"நீ நீச்சல் தெரிஞ்சவனா?"

"இல்லை."

"தண்ணின்னா பயமா?"

"ரொம்ப."

"அப்ப நீ மூச்சை விட்டுட்டு முங்கிக் காட்டு. நீ திரும்பி வந்தா அப்புறம் பேசலாம்."

*

அந்த வாரம் முழுக்க எல்டர் டிகோனா வாளியில் பழகினான். காலை உடற்பயிற்சிக்கு ஒதுக்கிய நேரத்தில் கொல்லைப்புறம் போய், மண்டியிட்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, மூச்சை வெளியே விட வேண்டும். முதல் நாள் மூக்கு நனைந்ததுமே தலையைத் தூக்கிவிட்டான். இரண்டாம் நாள் பாதி மூச்சை விட்டான். ஹால்வர்சன் பக்கத்தில் துண்டோடு நின்று உற்சாகப்படுத்தினான். அவன் சிரிக்காத நேரத்தில் அது உதவியாகவும் இருந்தது.

பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னப்பா எல்டர், அந்த நெட்டையன் உன்னை மிரட்டறானா? சொல்லு, தொடப்பத்தோட வர்றேன்," என்றார்.

"இல்லம்மா, மூச்சு விடப் பழகறேன்."

"இத்தனை வயசாகியுமா பழகலை?" என்று தலையை இழுத்துக்கொண்டார்.

வெயிலில் சைக்கிள் மிதித்தார்கள். ஒரு வயதான தம்பதிக்கு வேலி கட்டிக் கொடுத்தார்கள். யாரோ கொடுத்த பாலாடைக்கட்டி ரொட்டியைத் தின்றுகொண்டே அடுத்த வீட்டுக்கு நடந்தார்கள். நடுவில் திடீரென்று டிகோனா வாயால் நீளமாக ஊதுவான்; ஹால்வர்சனும் ஊதுவான்; நாய்கள் குரைக்கும். வெள்ளிக்கிழமை வாளியில் முகம் வைத்து, கடைசிக் குமிழ் வரை விட்டு, அப்புறமும் கொஞ்சம் இருந்தான். உள்ளே பயம் இருந்தது. ஆனால் பயத்தோடு இருக்க முடிந்தது.

*

சனிக்கிழமை கூட்டம் தொடங்குவதற்கு முன்பே தோன் சில்வினோ வந்துவிட்டார். இந்த முறை உடுப்பு அவருக்குச் சரியான அளவு. ஞா தொமாசா பிடித்துத் தைத்திருந்தார். நகமும் வெட்டியிருந்தது.

தலைவர் ஓவேலாரிடம் அனுமதி கேட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜெபம் தொடங்கறதுக்கு முன்னாடிதானே? தொட்டி வழுக்குதான்னு பாக்கறதா நினைச்சுக்கறேன். சீக்கிரம்."

இருவரும் தொட்டிக்குள் இறங்கினார்கள். தோன் சில்வினோ கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மேலே ஹால்வர்சன் துண்டோடு நின்றான். இப்போது அவன் சிரிக்கவில்லை.

டிகோனா கழுத்தளவுக்குக் குனிந்தான். உடுப்பிலிருந்த காற்று கழுத்துப்பட்டை வழியாகப் பொங்கி வெளியேறியது. பிறகு வாயைத் திறந்து, நெஞ்சில் இருந்த எல்லாவற்றையும் ஊதினான். முட்டியை மடக்கி உட்கார்ந்தான்.

தண்ணீர் அவனை ஏற்றுக்கொண்டது. சத்தம் நின்றது. பின்னால் இருந்த தொட்டிச் சுவர் குளிர்ச்சியாக முதுகில் பட்டது. எதிரே, வெகு தெளிவாக, தோன் சில்வினோவின் பாதங்கள் தெரிந்தன. நகம் வெட்டிய பெருவிரல் தரையைப் பற்றிக்கொண்டிருந்தது. டிகோனா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு காலை ஊன்றி எழுந்தான்.

"கல்லு மாதிரிப் போனே," என்றார் தோன் சில்வினோ.

"ஆமா." அவனுக்கு மூச்சு வாங்கியது.

"பயந்தியா?"

"பயந்தேன்."

"திரும்பி வந்துட்டே."

"காலை ஊனுனா போதும். தரை அங்கேயேதான் இருக்கு."

தோன் சில்வினோ குனிந்து தண்ணீருக்கு அடியில் இருந்த தரையைப் பார்த்தார், அதை இப்போதுதான் பார்ப்பதுபோல. ஆற்றில் அப்படி ஒரு தரை இல்லை. "நீ என் முதுகை விட மாட்டே?"

"விட மாட்டேன்."

"ஜெபத்தைத் தொடங்கச் சொல்லு," என்றார்.

ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள், பாட்டுப் பாடினார்கள். ஞா தொமாசா தொட்டியின் விளிம்பில் மண்டியிட்டு, மூக்கு தண்ணீரைத் தொடுமளவுக்குக் குனிந்து, கணவரின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. டிகோனா வலது கையை உயர்த்தி வாக்கியத்தைச் சொன்னான். தோன் சில்வினோ கண்களை மூடினார். அவர் நெஞ்சு விரிந்தது. ஒரு கணம் டிகோனாவுக்கு எல்லாம் போய்விட்டது என்றே தோன்றியது. அப்புறம் அந்தப் பெரிய நெஞ்சு மெல்ல இறங்கியது. நீளமான மூச்சு, பல வருடத்து மூச்சு, தண்ணீரின் மேல் ஊதிக் குமிழாகிக் கலைந்தது. அவர் முட்டியை மடக்கி உட்கார்ந்தார். டிகோனா சாய்த்தான். அமுக்கவே வேண்டியிருக்கவில்லை.

தண்ணீர் மூடியது. அதன் மேல் எதுவும் இல்லை.

அவன் தூக்கினான். தோன் சில்வினோ இருமிக்கொண்டே எழுந்து, முதலில் மனைவியைத்தான் பார்த்தார்.

ஞா தொமாசா விளிம்பிலிருந்து நிமிர்ந்தார். பிறகு, "வரலை," என்றார். "ஒண்ணுமே வரலை. முழுசாப் போனீங்க, முழுசா வந்தீங்க."

தோன் சில்வினோ தொட்டியிலேயே டிகோனாவைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். ஹால்வர்சன் துண்டை மறந்து உடுத்தியிருந்த கால்சட்டையோடு படியில் இறங்கிவிட்டான்.

துவட்டிக்கொண்டிருந்தபோது தலைவர் ஓவேலார் உடை மாற்றும் அறைக் கதவைத் தட்டினார். அடுத்த மாதம் இன்னொருவர் இருக்கிறார், அவரும் படகுக்காரர்தான், அவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

"மொதல்ல கழுத்து வரைக்கும் குனிஞ்சு உடுப்புல இருக்கற காத்தை வெளிய விடணும்," என்றான் எல்டர் டிகோனா. "அப்புறம் நெஞ்சுல இருக்கறதை. அதுக்கப்புறம் முட்டியை மடக்கி உக்காரணும், அப்பத்தான் சாயணும். முழுக்காட்டறவர் அமுக்கக் கூடாது, முதுகைத் தாங்கிக்கிட்டா போதும். கால் மேல வராது."